நுரை வராத தொட்டி

நுரை வரவில்லை. போன வருஷம் பாதிக்கு மேல் என் வாழ்க்கை இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிப் போயிருந்தது. காலையில் பல் துலக்குவதற்கு முன்பு போய்ப் பார்ப்பேன். சாயங்காலம் செருப்பைக் கழற்றாமலே போய்ப் பார்ப்பேன். வராது. சனியன் பிடித்த நுரை.

கடலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர் மீன் தொட்டி இருக்கிறது. கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் மாமனாரும் மட்டும்தான். நாங்கள் இருவரும் உப்பு, புளி, ஃபேன் வேகம், டிவி சத்தம் என்று எதற்கு வேண்டுமானாலும் சண்டை போடக்கூடியவர்கள். அந்த வீட்டில் என்னோடு சண்டை போடாத உயிர்கள் இரண்டே இரண்டுதான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி க்ளவுன் மீன். பெரியது பெண், சின்னது ஆண். அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சிதம்பரத்தில் இருக்கும் என் தம்பிதான் இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தவன். அவன் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி உண்டு. பரங்கிப்பேட்டையிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியதும் அவன்தான். “அக்கா, நல்ல தண்ணில மீன் வளக்கற மாதிரி இல்ல இது. புரோட்டீன் ஸ்கிம்மர் இல்லன்னா நாறிடும்” என்று முதலிலேயே சொன்னான். வாங்கித் தொட்டியின் முதுகில் மாட்டினேன். ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் ஒரு பம்ப், தலையில் ஒரு கோப்பை. பம்ப் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து அடித்து நுரையாக்கும். மீனின் கழிவெல்லாம் நுரையில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறிக் கோப்பையில் விழும். கடுங்காப்பி நிறத்தில், மீன் கூடை கழுவிய தண்ணீர் மாதிரி நாறும். அது நாறினால்தான் தொட்டி நாறாது.

எங்கள் வீட்டில் கோப்பை சுத்தமாக இருந்தது. தொட்டி நாறியது.

மாமனார் வாயை மூடிக்கொண்டு இருப்பாரா? “மனுஷன் குடிக்கத் தண்ணி வரல, இந்தம்மா மீனுக்குக் கடலையே கொண்டாந்து வெச்சிருக்கு” என்று பக்கத்து வீட்டு மதில் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார். ஸ்கிம்மருக்கு அவர் வைத்த பெயர் நுரை மெஷின். “உன் நுரை மெஷினு என்னம்மா சொல்லுது?” என்று கேட்டுவிட்டுப் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளுவார். சிரிக்கிறார் என்பது பேப்பர் ஆடுவதிலேயே தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் தீர்மானமாகவே சொல்லிவிட்டார். “பொங்கலுக்குச் சொந்தக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள இந்த நாத்தம் போவணும். போவலன்னா எல்லாத்தையும் உன் தம்பி வூட்டுக்கு ஏத்தி வுட்டுரு.”

தம்பி வீட்டுத் தொட்டியில் ஏற்கெனவே ஒரு க்ளவுன் ஜோடி ராஜாங்கம் நடத்திக்கொண்டிருக்கிறது. வேறு ஜோடியை உள்ளே விட்டால் கடித்தே கொன்றுவிடும். இன்னொரு தொட்டி வைக்க அவன் வீட்டில் இடமும் இல்லை. என் இரண்டும் அங்கே ஒரு வாரம் தாங்காது. துபாய்க்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். “நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்களேன்” என்றார் அந்த மகானுபாவர்.

சரி, மெஷினை ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன். எனக்கு வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. முதல் ஞாயிறு, பம்புக்குள் சுற்றும் சக்கரத்தின் இறக்கைகளை நறுக்கி எடுத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாரைத் தூண்டில் நரம்பால் அதன் மேல் வைத்துத் தைத்தேன். காற்றை இன்னும் பொடிப் பொடியாக உடைக்கும் என்று வீடியோவில் ஒருவன் காட்டியிருந்தான். விரலில் ஊசி குத்தியதுதான் மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் புதன்கிழமை நுரை வந்தது! கோப்பையில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர். வெள்ளிக்கிழமை ஆபீஸில் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம் அரைநாள் வேலை முடித்து வந்து பார்த்தால், நுரை செத்துக் கிடந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

அடுத்த ஞாயிறு காற்றுக் குழாயை மாற்றினேன். கொத்தனார் மட்டம் பார்க்கிற பெரிய டியூபில் ஒரு துண்டு வாங்கிச் செருகினேன். வாரத்தின் நடுவில் நுரை வந்தது. சனிக்கிழமை செத்தது. தண்ணீரின் மேல் லேசாக ஒரு மினுமினுப்பு தெரிந்தது. பம்பில் போட்ட கிரீஸ் கசிந்து நுரையைக் கெடுக்கிறது என்று பம்பையே மாற்றி, நார் தைத்த சக்கரத்தைப் புதுப் பம்புக்குள் போட்டேன். அதற்கடுத்த ஞாயிறு, தண்ணீர் வெளியேறும் வாயில் பிளம்பிங் கடையில் வாங்கிய வால்வைப் பொருத்தி, உள்ளே நீர்மட்டத்தை உயர்த்தினேன். அதே கதை. வருகிற மாதிரி வந்து கழுத்தறுத்தது. இதற்கு நடுவில் அடுப்படியில் சென்னாகூனி டப்பா வேறு குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பொடி இறாலைப் பக்கத்து வீட்டுப் பூனை தின்கிறது என்று பூனையையும் திட்டிக்கொண்டிருந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியாதவளுக்குப் பூனையாவது கிடைத்ததே.

மார்கழி பிறந்துவிட்டது. தண்ணீர் மஞ்சள் பூத்துவிட்டது. சின்ன மீன் ஒரு மூலையிலேயே நின்று வேக வேகமாக மூச்சு வாங்கியது.  ஸ்கிம்மரைக் கழற்றி, வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

தம்பி தன்னுடையதைக் கழற்றிவிட்டு என்னுடையதை மாட்டினான். காப்பி குடித்து முடிப்பதற்குள் நுரை குபுகுபுவென்று கிளம்பியது. வால்வை முழுக்கத் திறந்துவிட்டும் அடங்கவில்லை. கோப்பை நிரம்பி வழிந்து அவன் மனைவியின் புதுத் தரைவிரிப்பு நாசமானது. தம்பி சுவிட்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“ஏன்க்கா இவ்ளோ ஜாஸ்தியா தள்ளுது? மெஷின்ல ஒண்ணும் இல்ல. உன் வூட்ல தான் என்னமோ இருக்கு.”

“என் வூட்ல என்னடா இருக்கு? நானும் அந்தக் கெழவரும் தான் இருக்கோம்” என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே யோசனைதான். அப்பளம் பொரிக்கிற புகையா? சாம்பிராணியா? அந்த வாரம் இரண்டையும் நிறுத்தினேன். மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நுரை பிரமாதமாக வந்தது. ஆஹா, சாம்பிராணிதான் குற்றவாளி என்று ஒரு பக்கம் குதித்தேன். ஆனால் சனிக்கிழமையை நம்ப முடியாதே. தலைவலி என்று ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, மாமனாரிடம் கிளம்புகிற மாதிரி காட்டிவிட்டு, அறைக்குள் பதுங்கி, கதவிடுக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தேன்.

சனிக்கிழமை என்றால் மாமனாருக்கு எண்ணெய்க் குளியல். சொந்த ஊரான காடாம்புலியூரிலிருந்து செக்கு நல்லெண்ணெய் வரும். மழையோ புயலோ அது தவறாது. உச்சந்தலையிலிருந்து முழங்கால் வரை பூசிக்கொண்டு ஒரு மணி நேரம் ஊறுவார். நான் ஆபீஸ் போய்விடுவதால் எங்கே உட்கார்ந்து ஊறுகிறார் என்று எனக்குத் தெரியாது.

அன்று தெரிந்தது. இடுப்பில் துண்டோடு, எண்ணெய் சொட்டச் சொட்ட, ஸ்டூலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையில் சென்னாகூனி. முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டார். பெரிய மீன் ஓடி வந்து அவர் விரலுக்கிடையில் புகுந்து புகுந்து தின்றது. மூலையில் நின்ற சின்னதும் வந்தது. நான் ராஜாத்தி மாதிரி வளர்த்த மீன் என் கையில் ஒருநாளும் தின்றதில்லை.

“தின்னுங்கடா செல்லங்களா. உங்கள சிதம்பரத்துக்கு அனுப்பிடுவா போல. பாவி” என்றார் மீனிடம்.

கதவைப் படாரென்று திறந்தேன். “மாமா! கைய எடுங்க! அனுப்பச் சொன்னதே நீங்கதான?”

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “நாத்தம் போவணும்னு சொன்னேன். மீனு போவணும்னா சொன்னேன்?”

“அந்த நாத்தமே உங்களாலதான் மாமா! எண்ணெ பட்டா நுரை செத்துடும். வாரா வாரம் எண்ணெக் கைய உள்ள வுட்டுட்டு, என்னை நக்கல் பண்ணிக்கிட்டு வேற இருந்தீங்க!” இன்னும் என்னென்னவோ கத்தினேன். மாதக்கணக்கில் சேர்ந்த ஆத்திரம். ஊசி குத்திய விரலைக்கூட அவர் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினேன்.

அவர் ஈரக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதுங்க சாவறது என் கையாலயா?” என்று கேட்டுவிட்டு, பின்கட்டுக்குப் போய்விட்டார்.

மறு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே குடலைப் புரட்டும் வாடை. எண்ணெய் படாததால் நுரை வெறிகொண்டு கிளம்பி, நான் வைத்த நார், நான் வைத்த டியூப், நான் வைத்த வால்வு எல்லாம் சேர்ந்து கூடம் முழுக்கக் கறுப்புத் தண்ணீரைக் கொட்டியிருந்தன. மாமனார் முழங்காலிட்டுத் தன் வேட்டியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலைமுடி வறண்டு சிலிர்த்து நின்றது. அவரை ஒரு சனிக்கிழமையில் அப்படி நான் பார்த்ததே இல்லை.

“நான் எண்ணெ தொடவே இல்லம்மா. சத்தியமா” என்றார்.

 நானும் புடவையைச் செருகிக்கொண்டு துடைக்க உட்கார்ந்தேன். அன்றைக்கே நாரைப் பிய்த்து எறிந்தேன், டியூபை, வால்வைக் கழற்றினேன், புதுப் பம்போடு வந்த சக்கரத்தையே திரும்பப் போட்டேன். கடையிலிருந்து வந்த முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கினேன். ஒழுங்காக வேலை செய்கிறது, நாசமாய்ப் போக. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

பொங்கல் வந்தது, சொந்தக்காரர்கள் வந்தார்கள், மீன் எங்கேயும் போகவில்லை. இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து மாமனார் என்னிடம் அனுமதி என்று ஒன்றைக் கேட்டவரில்லை. இப்போது சனிக்கிழமை காலையில் நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது, உலர்ந்த கையால் மீனுக்குப் போட்டு முடித்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு கூடத்து வாசற்படியில் வந்து நிற்கிறார்.

“ரெண்டும் தின்னுடுச்சும்மா. நான் எண்ணெ வெச்சிக்கட்டா?”

“வெச்சிக்குங்க மாமா” என்கிறேன். “கைய மட்டும் கட்டிக்கிட்டு உக்காருங்க.”