இல்லாத உலையும் பதினான்காம் எண் வீடும்

எங்கள் நாட்டில் அணு உலை கிடையாது. கட்டலாமா வேண்டாமா என்ற பேச்சுதான் நடக்கிறது. பக்கத்து நாடுகளிலும் அதே பேச்சுதான். ஆனால் உலை வருவதற்கு முன்பே ஒத்துழைப்பு வந்துவிட்டது. உலையில் கோளாறு என்றால் யார் யாருக்கு முதலில் தொலைபேசி அடிப்பது, யார் யாருக்கு மாத்திரை அனுப்புவது என்றெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, கைகுலுக்கிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்கம்பக்கத்தாரோடு பேச்சுவார்த்தை இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த ஒத்துழைப்பைச் சோதித்துப் பார்க்க என் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு வருடமும் "பார்க்கலாம்" என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு புதுப்பிப்பார்கள். வீடு புக்கிட் பெருந்துங்கில். மூன்று நாடுகளும் சேர்ந்து ஒரு பேரிடர் ஒத்திகை நடத்தப் போவதாக முடிவானதும், கூட்டங்களில் குறிப்பெடுக்க என்னை அனுப்பினார்கள்.

முதல் கூட்டம் முழுக்க ஒரே கேள்விதான். உலை எந்த நாட்டில் வெடித்ததாக வைத்துக்கொள்வது? ஒவ்வொருவரும் மரியாதையாகப் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். விருந்தில் கடைசி வடையை யார் எடுப்பது என்று தட்டைத் தள்ளித் தள்ளி விடுவார்களே, அந்தக் கதைதான். இரண்டாம் கூட்டத்தில் "அ நாடு" என்று ஒன்றை உண்டாக்கினார்கள். அதை வரைபடத்தில் எங்கே வைப்பது என்பதற்கு மூன்றாம் கூட்டம். கடைசியில் நடுக்கடலில் போட்டார்கள். அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை, அதனால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அடுத்து காற்று. யாருமே அதைத் தங்கள் பக்கம் அடிக்க விடவில்லை. அன்றைக்குத் தேநீர் எங்கள் செலவு என்பதாலோ என்னவோ, எங்கள் மேலதிகாரி பெருந்தன்மையாக, "சரி, எங்கள் பக்கமே அடிக்கட்டும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்படித்தான் இல்லாத நாட்டில் இல்லாத உலை வெடித்து, கோலா சிலாங்கூர் பக்கம் காற்று வந்தது.

காற்று எங்கே இறங்கும் என்பதையும் மேலதிகாரியே முடிவு செய்தார். கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு செம்பனைத் தோட்டம். பஸ் திரும்ப இடம் இருக்கிறது, சனம் குறைவு, "கூப்பிட்டால் வந்துவிடுவார்கள்" என்றார். நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள். கூப்பிட்டால் வந்துவிடுகிறவர்கள் என்பது உண்மைதான். உண்மை என்பதாலேயே எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கோபத்தையும் குறிப்பேட்டிலேயே வைத்து மூடிவிட்டேன்.

அந்தத் தோட்டத்தின் பழைய லயத்தில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளில், பதினான்காம் எண் வீட்டில் என் அக்கா தனியாக இருக்கிறாள். தோட்டம் ஒரு வீடமைப்புக் கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. லயத்தை இடித்துவிட்டு, அங்கே குடியிருப்பவர்களுக்குப் புது வீடு தருவதாகப் பேச்சு. மற்றக் குடும்பங்களின் பெயரெல்லாம் பட்டியலில் ஏறிவிட்டன. அக்கா வீடு மட்டும் அவள் கணவர், என் மாமா, பெயரில். மாமா இறந்துபோனார். மகன் வேலைக்காக ஜொகூரில். "வீட்டில் ஆள் இருப்பது உறுதியானால்தான் பட்டியலில் சேர்ப்போம்" என்று கம்பெனி சொல்லிவிட்டது. உறுதி செய்ய வருகிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வருவான். இரண்டு தடவை பூட்டிய கதவைப் படம் எடுத்துவிட்டால் அது காலி வீடு. அக்கா பல்வலி தாங்காமல் கிளினிக்குக்குப் போன அன்றைக்கு முதல் படம் எடுத்தாயிற்று.

அன்றிலிருந்து அக்கா வீட்டைக் காலியாக விட்டதே இல்லை. லயத்தில் இதற்கென்று ஒரு முறை உண்டு. அவள் சந்தைக்குப் போனால் பக்கத்து வீட்டு அம்மா வந்து உட்காருவார். வெறுமனே உட்கார்ந்தால் போதாது. அடுப்பில் ஏதாவது கொதிக்க வேண்டும், கொடியில் ஈரத்துணி தொங்க வேண்டும், யார் கேட்டாலும் "இப்பத்தான் குளிக்கப் போனாங்க" என்று சொல்ல வேண்டும். என் மகள் கல்யாணத்துக்கு அக்கா தாலி கட்டுகிற நேரத்துக்கு வந்து, அட்சதையைப் போட்ட கையோடு சாப்பிடாமல் ஓடினாள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இன்சுலின் போடும் நேரம் வந்துவிட்டதாம். அன்றைக்கு எனக்கு அவள் மேல் கோபம். பிறகு அந்தக் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போனது.

ஒத்திகைக்கான துண்டறிக்கையைத் தமிழில் எழுதியது நான்தான். அதனால் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் என் தலையில் விழுந்தது. அக்காவுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லாரும் போகணுமா?" என்றாள்.

"எல்லாரும்தான்க்கா. ரெண்டு மணி நேரம்லா. பஸ்ல மண்டபத்துக்குப் போயி, பேரு குடுத்துட்டு, நாசி லெமாக் சாப்பிட்டுட்டு வந்துரலாம்."

"பக்கத்து வூட்டம்மாவுமா?"

"அவங்களும்தான்."

அக்கா போனை வைத்துவிட்டாள். சம்மதம் என்று நான் நினைத்துக்கொண்டேன். கூடப் பிறந்தவளுக்கு வந்த புத்தி அது.

ஒத்திகை நாள் காலையில் இரண்டு பஸ்கள் வந்தன. எங்கள் அதிகாரிகள் பச்சை மேலங்கி, அண்டை நாட்டுப் பார்வையாளர்கள் ஒரு நாட்டுக்கு நீலம், இன்னொரு நாட்டுக்கு ஆரஞ்சு. சங்கு ஊதியதும் நான் ஒலிபெருக்கியில், "பதற்றப்பட வேண்டாம், கதிர்வீச்சு நெருங்கிக்கொண்டிருக்கிறது" என்று அறிவித்தேன். யாரும் பதற்றப்படவில்லை. நல்ல உடுப்பு உடுத்தி, தலையில் பூ வைத்து, வரிசையாக வந்தார்கள். அயோடின் மாத்திரைக்குப் பதிலாகப் புதினா மிட்டாய் கொடுத்தோம். வாயில் போட்டுக்கொண்டு பேரப்பிள்ளைக்கு இன்னொன்று கேட்டார்கள். ஆட்டையும் ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டார். மூன்று நாட்டுப் படிவத்திலும் ஆட்டுக்குக் கட்டம் இல்லை.

எல்லாரும் ஏறியபின் ஒத்திகைப் பட்டியலில் ஒரு வீடு மிச்சம் இருந்தது. நீல அங்கி போட்ட பெண் பார்வையாளர், கையில் வெளியேற்ற நேரத்தை அளக்கும் கடிகாரத்தோடு, என்னைப் பார்த்தார். நான் ஓடினேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, எல்லாரும் ஏறியாச்சு. வாக்கா."

"நீங்க போங்கலா."

"கதிர்வீச்சு வருதுக்கா!" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"வரட்டும். வந்து என்னப் பாத்துட்டு, ஆள் இருக்குன்னு எழுதிட்டுப் போகட்டும்."

அதற்குள் மேலதிகாரியும் பார்வையாளர்களும் வந்துவிட்டார்கள். என்ன பிரச்சினை என்று நீல அங்கி கேட்டார். நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். பிரச்சினையைத் தீர்க்கத்தானே இத்தனை நாடுகள் சேர்ந்திருக்கின்றன, இந்த அம்மாவுக்கு என்ன வேண்டுமாம் என்றார் அவர். அக்காவிடம் கேட்டேன்.

"ஒரு லெட்டர்," என்றாள் அக்கா. "மத்தியானத்துக்குள்ள இதே வூட்டுல கொண்டாந்து வுட்டுருவோம், அதுவரைக்கும் இது காலி வூடு இல்லன்னு ஒரு வரி. ஆபீஸ் சாப் அடிச்சுக் குடுத்தா இப்பவே ஏறுறேன்."

ஒரே ஒரு வரிதான். நான் மொழிபெயர்த்ததும் மூன்று நிற அங்கிகளும் பப்பாளி மரத்தடியில் கூடிப் பேசின. ஒப்பந்தத்தில் வெளியேற்றுவது மட்டும்தான் உண்டு, திரும்பக் கொண்டுவருவது இல்லை என்றார்கள் அண்டை நாட்டார். மேலதிகாரி தலையைச் சொறிந்தார். அது நில விவகாரம், வேறு இலாகா என்றார். கம்பெனியைக் கேட்கலாமே என்றார் ஆரஞ்சு அங்கி. கம்பெனிக்குத் தொலைபேசி அடித்தால் யாரும் எடுக்கவில்லை. ஒருவருக்கொருவர் எத்தனையோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், நெத்திலி ஆய்கிற ஒருத்திக்கு ஒரு வரி எழுதித் தர அதிகாரமில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

கடிகாரம் நின்றது. நேரம் முடிந்துவிட்டது. நீல அங்கிப் பெண் சங்கடத்தோடு பையிலிருந்து கறுப்பு ஓரம் போட்ட ஓர் அட்டையை எடுத்தார். விதிப்படி, எல்லைக்குள் தங்கிவிட்டவர் பலியானவர். அதை அட்டையில் எழுதி அவர் கழுத்தில் மாட்ட வேண்டும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றார் என்னிடம். கூடப் பிறந்தவளிடம் "நீ செத்துப்போய்விட்டாய்" என்பதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது? இரண்டு முறை தொண்டையைக் கனைத்துவிட்டுச் சொன்னேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல வூட்டு நம்பர் போட எடம் இருக்கா?"

இருந்தது. உடல் கண்டெடுக்கப்பட்ட இடம் என்று ஒரு கட்டம். நீல அங்கி மேலே அக்கா பெயரையும், அந்தக் கட்டத்தில் வீடு எண் பதினான்கு, வீட்டுக்குள் என்றும் எழுதி, நேரம் குறித்து, கையெழுத்துப் போட்டார். பலிச் சீட்டுக்கு மூன்று நாட்டுக் கையெழுத்தும் வேண்டும் என்பது ஒப்பந்தமாம். ஆரஞ்சு அங்கி போட்டார். மேலதிகாரி போட்டார். முத்திரையும் விழுந்தது. எல்லாம் இரண்டே நிமிடத்தில். யாருக்கும் அதிகாரம் குறையவில்லை.

அன்று பிற்பகல் மேலதிகாரி என்னைத் தனியாக அழைத்தார். அண்டை நாடுகள் தனியாக நடத்திய ஒத்திகைகளில் ஒருவர்கூடச் சாகவில்லையாம். நம் நாட்டில் மட்டும் ஒன்று என்றால் எப்படி? அறிக்கையில் அந்த வீட்டைக் "காலி" என்று போட்டுவிட்டால் பலியும் இருக்காது, நூற்றுக்கு நூறு வெளியேற்றம் என்றார். என் ஒப்பந்தம் அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதையும் அவர் போகிற போக்கில் நினைவுபடுத்தினார். நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. மறுக்கவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "காலி" என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். அக்காவின் வீட்டை இடிக்க மண்வாரி எதுவும் வேண்டியதில்லை, என் விரல் போதும் என்று அப்போது புரிந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்து போய், "சார், சீட்டில் இரண்டு வெளிநாட்டுக் கையெழுத்து இருக்கிறது. பிரதி அவர்களிடமும் இருக்கிறது" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. அண்டை நாட்டு நட்பை அவர் மதிக்கிறவர். பலி ஒன்று என்றே அறிக்கை போனது.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அக்கா வீட்டில் இருந்தபோது கம்பெனி ஆள் மோட்டார்சைக்கிளில் வந்தான். தமிழ்ப் பையன்தான், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய கைப்பேசி.

"அம்மா, இன்னிக்கு இருக்கீங்க, சரி. போன தடவ பூட்டியிருந்துச்சே. நீங்க இங்கதான் குடியிருக்கீங்கன்னு பேப்பர் ஏதாச்சும் இருக்கா?"

அக்காவின் அடையாளக் கார்டில் வீட்டு எண் இல்லாமல் தோட்டத்தின் பெயரோடு முகவரி முடிந்துவிடுகிறது. தண்ணீர், மின்சாரம் இரண்டுக்கும் பில் கம்பெனி பெயரில். அக்கா உள்ளே போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கறுப்பு ஓர அட்டையை எடுத்துவந்து நீட்டினாள்.

அவன் படித்தான். மறுபடி படித்தான்.

"அம்மா, இதுல நீங்க செத்துட்டீங்கன்னு போட்டிருக்கும்மா."

"அது கெடக்குது தம்பி. எந்த வூட்டுலன்னு போட்டிருக்கு?"

"பதினாலு. வூட்டுக்குள்ள."

"மூணு நாட்டு ஆபீசருங்க நேர்ல பாத்து எழுதுனது. எழுதிக்க."

அவன் முத்திரையைத் தடவிப் பார்த்தான். பிறகு கைப்பேசியைத் தூக்கி, எதிரே நின்றிருந்த அக்காவை விட்டுவிட்டு, அட்டையைப் படம் எடுத்துக்கொண்டான்.