இரண்டு விரல் ஆயில்

என் மனைவி மெக்கானிக். நான் அவளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறவன். அதிலும் பாதி நேரம் தப்பான அளவு.

எதிலும் சுலபமானதை முதலில் பார்ப்பது அவள் சுபாவம். வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்றால், சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். எனக்குத் தலைவலி என்றால், "காலையில சாப்பிட்டீங்களா?" என்பாள். இருபது வருடமாக எனக்கு ஒரு பெரிய வியாதி வரவிடாமல் கெடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று காலை, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன் பழைய காரோடு எங்கள் பட்டறைக்கு வந்தார். பின்னால் கிளம்பிய நீலப் புகையில் எதிர்க்கடைத் தையல்காரர் இருமிக்கொண்டே கதவைச் சாத்தினார்.

"ஆயில் பிரஷர் முள் எழுந்திருக்கவே மாட்டேங்குதும்மா. ரெண்டு பட்டறையில காட்டிட்டேன். இன்ஜின் போச்சுன்னுட்டாங்க. நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துட்டுப் போறார். மனசு கேக்கல."

அவருடைய மகள் பிறந்ததே இந்த வண்டியின் பின்சீட்டில்தானாம். அதைச் சொல்லும்போது ஸ்டியரிங்கைப் பார்த்தாரே தவிர எங்களைப் பார்க்கவில்லை.

"ஆயில் அளவு பார்த்தீங்களா சார்?" என்றாள் என் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. "தினமும் பார்க்கிறேன். குறைஞ்சா ஊத்துறேன். கணக்கு வாத்தியாருக்கு அளவு பார்க்கத் தெரியாதா?"

அந்த இரண்டு பட்டறைக்காரர்களும் இந்தப் பதிலை நம்பியிருப்பார்கள். நானும் நம்பினேன். இவள் நம்பவில்லை. இன்ஜினை நிறுத்தி, ஆயில் கீழே இறங்கட்டும் என்று பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்ததற்கு ஒரு முறைப்பு. பிறகு அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். குச்சியில் இருந்த உச்ச அளவுக் கோட்டுக்கும் மேலே இரண்டு விரல் உயரம் ஆயில், நுரையோடு.

"வீட்ல வண்டிய எங்க நிறுத்துவீங்க?"

"வாசல்லதான். சரிவு. மூக்கு மேல தூக்கினாப்ல நிக்கும்."

"அப்போ ஆயில் பின்னால ஓடிடும் சார். குச்சி முன்னால இருக்கு, குறைச்சலாத்தான் காட்டும். நீங்களும் ஊத்திக்கிட்டே இருந்திருக்கீங்க. இன்ஜினுக்கு அடியில சுத்துற கிராங்க் ஷாஃப்ட் அதுல முங்கி, மோர் கடையற மாதிரி கடைஞ்சிருக்கு. நுரைக்கு ஏது பிரஷர்? மிச்சம் மேல ஏறி எரிஞ்சு புகையாப் போகுது."

"முள் இறங்கினதாலதானேம்மா ஊத்தவே ஆரம்பிச்சேன்? சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் இறங்குச்சு."

"பழைய இன்ஜின் சூடாகி நின்னு ஓடும்போது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்."

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று என் நாக்கு நுனிவரை வந்தது. வாத்தியாரின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"அப்போ நானேதான் அதை..." என்றார்.

அவள் பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. "ஆமா சார். நுரையில ஓடி உள்ள பேரிங் தேய்ஞ்சிருந்தா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

பழைய ஆயிலை மொத்தமாக இறக்கி, அளந்து புதியதை விட்டாள். தன்னுடைய பிரஷர் கேஜை மாட்டிக் கிளப்பினாள். முதலில் புகை இன்னும் மோசமாக வந்தது. வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அரை மணி நேரத்தில் அது மெலிந்து, நூலாகி, நின்றது. முள் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. நான் குழந்தை மாதிரி கை தட்டினேன். அவள் கேஜைக் கழற்றித் துடைத்தாள்.

வாத்தியார் இரும்புக்காரருக்கு போன் போட்டார். "வர வேணாம்ப்பா. வண்டி நல்லாத்தான் இருக்கு. கோளாறு எனக்குத்தான்."

பிறகு டிக்கியைத் திறந்து நாலு ஆயில் கேன்களை எடுத்து எங்கள் மேஜைமேல் வைத்தார். "இதை உள்ள வச்சுப் பூட்டும்மா. கைக்கெட்டுற தூரத்துல இருந்தா ஊத்திடுவேன்."

கிளம்பிப் போய்த் தெருமுனை சிக்னலில் நின்றார். முள் இறங்கியிருக்கும். எங்கே இறங்கி பானெட்டைத் திறந்துவிடுவாரோ என்று நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு திறக்கவில்லை. பச்சை விழுந்தது, போய்விட்டார்.