படகுக்கு ஒரு டிவி வாங்கப் போனோம்

படகுக்கு ஒரு டிவி வாங்க வேண்டும் என்று என் கணவர் சொன்னபோது நான் கலங்கிப் போனேன். டிவி வாங்குவதில் கலங்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்கு முன் எங்கள் வீட்டை விட்டுப் போன சாமான்களைப் பற்றிச் சொன்னால்தான் புரியும்.

கிள்ளானில் எங்கள் வீடு. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய மீன்பிடிப் படகை வாங்கி, பண்டமாரானுக்கு அப்பால் ஆற்றோரத்தில் கட்டிவைத்தார். முதலில் சனிக்கிழமை மாலை மட்டும் அதில் கடலுக்குத் தூண்டிலோடு போய்விட்டு வருவார். பிறகு இரவும் கடலிலேயே தங்கினார். ஒரு தலையணை போனது. சின்ன கேஸ் அடுப்பு போனது. விருந்தாளிகளுக்கென்று நான் எடுத்து வைத்திருந்த நல்ல போர்வை போனது. கேட்டால், கடலில் குளிர் என்றார். மிளகாய்த்தூள் டப்பாகூடப் போனது. மனிதர் தவணை முறையில் குடிபோகிறார் என்றே எனக்குப் பட்டது.

பந்திங்கில் இருக்கும் என் அக்கா இதைக் கேட்டுவிட்டு, "டிவியும் போச்சுன்னா ஆளு அங்கேயே தங்கிடுவாரு பாரு," என்றாள். அவள் வாயில் நல்ல வார்த்தை சுலபத்தில் வராது. ஆனாலும் அதைத் தூக்கிப்போட முடியவில்லை. அவர் வேலையில் இருந்தபோது பாதி நாள் ஷிஃப்டிலேயே கழிந்துவிடும். இப்போதுதான் நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். சாம்பாரில் உப்பு, சரியாக மூடாத குழாய் என்று தினமும் ஒரு வழக்கு. என்னிடமிருந்து தப்பிக்கத்தான் இவர் தண்ணீரில் இறங்கிவிட்டாரோ என்று பயந்தேன். கேட்கவும் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அதனால் நானும் வருகிறேன் என்று காரில் ஏறிக்கொண்டேன். ஒரு மளிகைக் கடைக்குக்கூட அவரோடு போகாதவள் டிவி பார்க்கக் கிளம்பியதில் அவருக்கு ஆச்சரியம்தான்.

பண்டமாரானில் லோரி சாமான்கள் விற்கும் கடை அது. ஹாரன், விளக்கு, இருக்கை உறை எல்லாம் கூரைவரை அடுக்கியிருந்தது. கடைக்காரர் நம்மவர்தான். முதலில் லோரி டிரைவர்கள் வாங்கும் டிவியைக் காட்டினார். லோரிக்கு இருபத்து நான்கு வோல்ட், படகுக்குப் பன்னிரண்டு, இது ஆகாது என்று இவர் தள்ளிவிட்டார். சாதாரண வீட்டு டிவியையே எடுத்து இன்வெர்ட்டர் மாட்டிக்கொள்ளலாமே என்றார் கடைக்காரர். இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே பேட்டரியைத் தின்னும் என்றார் இவர். கடைசியில் பன்னிரண்டு வோல்ட் டிவிகள் வந்தன. பெரியது, நடுத்தரம், சின்னது. இவர் படத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு டிவியின் முதுகையும் திருப்பி, எத்தனை வாட் என்று படித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போனது.

"அங்க இருக்கறதுன்னு ஆயிடுச்சு, பெரிசாவே எடுத்துக்குங்க," என்றேன்.

குத்தலாகத்தான் சொன்னேன். அவருக்கு உறைக்கவில்லை. பெரியது கரண்ட் அதிகம் இழுக்கும் என்று சொல்லிவிட்டு, சின்னதின் முதுகுக்குத் திரும்பினார். அதோடு, டிவிக்கென்று தனி பேட்டரி வேண்டும், அது எஞ்சின் பேட்டரியைத் தொடவே கூடாது, நடுவில் ஒரு சுவிட்ச் வேண்டும் என்று அடுக்கினார். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்கு அண்ணே இவ்ளோ பயம்? பேட்டரி செத்துப் போனா கூட்டாளிக்கு ஒரு போன் போடுங்க லா. காலையில போட் வந்து இழுத்துட்டுப் போவும்."

"அதுக்குள்ள வெயில் ஏறிடும் பாஸ். வீட்ல இது தூங்காம உக்காந்திருக்கும்," என்றார் இவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "டிவி செத்தா சாவட்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆவணும். நான் வீட்டுக்குப் போவணும்."

'இது' என்பது நான்தான். அவர் படகில் தங்கும் இரவுகளில் நான் கண்ணை மூடுவதே இல்லை. விடிகாலையில் கார் சத்தம் கேட்டதும் கிரில் பூட்டைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு, நன்றாகத் தூங்குகிறவள் மாதிரி படுத்துக்கொள்வேன். அது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது. நான் என்னவோ இவர் அங்கே குடியேறக் கணக்குப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவர் திரும்பி வரத்தான் இத்தனை வாட்டையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அழுகை வரும்போல இருந்ததால், எனக்கு மிகவும் தேவைப்படுவதுபோல் லோரி ஹாரன்களைப் பார்க்கப் போய்விட்டேன்.

சின்ன டிவியைத்தான் வாங்கினார். வரும் வழியில் குழாயைப் பற்றி ஒரு சண்டை வந்தது. நிம்மதியாகச் சண்டை போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை டிவியோடு போனவர், மறுநாள் விடிகாலையில் எஞ்சின் முதல் முறையிலேயே ஸ்டார்ட் ஆகிவிட, சரியான நேரத்துக்கு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். கிரில் கதவை நான் உள்ளே பூட்டியிருந்தேன். மீன் வாளியோடு நின்று மணியடித்திருக்கிறார், போன் போட்டிருக்கிறார், கிரில்லைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்துவிட்டார்கள், எதிர்வீட்டு நாய் எழுந்துவிட்டது. நான் மட்டும் எழவில்லை. அப்படி ஒரு தூக்கம்.