ஓடினால் தடிக்கும் உடம்பு

என் மகளுக்கு அது முதன்முதலாக வந்தபோது நான் பிள்ளைக் காம்பராவில் இருந்தேன். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அழுதுகொண்டே இருந்த ஒன்றைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், பள்ளிக்கூடப் பை தோளில் தொங்க மகள் நின்றிருந்தாள். கண் இமைகள் இரண்டும் வீங்கியிருந்தன. உதடு தடித்து, கழுத்திலும் கையிலும் சிவப்புத் திட்டுகள் படர்ந்திருந்தன.

"அம்மா, ஒடம்பெல்லாம் அரிக்குது. தொண்டையில என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு."

அப்போது அவளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் கீழே, வட்டகொடை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். தொழிலாளர் வீடுகளின் வரிசையான எங்கள் லயம் மேலே, தேயிலை மலைக்கு நடுவில். யார் முதலில் ஏறுவது என்று கூட்டாளிப் பிள்ளைகளோடு போட்டி போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடி வந்திருக்கிறாள். அவள்தான் முதலில் வந்தாள். எந்த நாளும் அவள்தான் முதலில் வருவாள்.

குழந்தைகளை உதவிக்கு இருந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஊசி போட்டார்கள். என்ன சாப்பிட்டாள், ஏதாவது பூச்சி கடித்ததா, தேயிலை மலைக்குப் பூச்சி மருந்து அடித்திருந்தார்களா என்று கேட்டார்கள். ஒன்றுக்கும் எனக்கு ஒழுங்கான பதில் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் வீக்கம் வடிந்து, பசிக்கிறது என்றாள். வந்தது போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பினோம்.

போகவில்லை. விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்தபோது மைதானத்திலேயே விழுந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு டீச்சர் அவளை மடியில் கிடத்தி விசிறிக்கொண்டிருந்தார். மறுபடியும் அதே திட்டுகள், அதே வீக்கம். இந்தத் தடவை இரைப்பும் இருந்தது. அதன் பிறகு தண்ணீர்க் குடத்தோடு ஏறியபோது ஒரு நாள். மழைக்குப் பயந்து கடையிலிருந்து ஓடி வந்தபோது ஒரு நாள். நடுவில் பல வாரம் ஒன்றும் இருக்காது. முடிந்துவிட்டது என்று மனது லேசாகிற நேரம் பார்த்து வரும்.

லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மை போடப்போகிறது என்றார் ஒருவர். நிலைக்கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்கிறாள், கண் பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். பக்கத்துக் காம்பராவில், எங்களுக்கு அடுத்த அறையில் இருக்கும் அக்கா நல்ல மனுஷி. வேப்பிலை அரைத்துக் கொண்டுவந்து பூசிவிட்டார். கோயில் பூசாரியிடம் ஒரு கயிறும் மந்திரித்து வாங்கி வந்தார். எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர் தினமும் போனில் கேட்பார்: "இன்னைக்கு எப்பிடி புள்ள?" இன்றைக்கு ஒன்றும் இல்லை என்பேன். அவருக்கு அது போதும். ஒன்றும் இல்லாத ஒரு நாளைக் கடத்த நான் என்ன பாடுபட்டேன் என்று சொல்லத் தெம்பு இருக்காது.

நுவரெலியா கிளினிக்கில்தான் ஒரு இளம் டொக்டர் அம்மா சரியான கேள்வியைக் கேட்டார். சிங்களவர். எனக்காகத் தெரிந்த தமிழையெல்லாம் கூட்டிப் பேசினார்.

"இது வரும்போது ஒவ்வொரு முறையும் மகள் என்ன செய்திட்டு இருந்தது?"

யோசித்தேன். "ஓடிக்கிட்டு இருந்துச்சுங்க மிஸ். இல்லாட்டி ஏறிக்கிட்டு இருந்துச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிலருக்கு உடம்பு கடினமாக வேலை செய்தால் அந்த உடம்பே இப்படிப் பொங்கும் என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தோலில் குத்திப் பார்த்தார்கள். எதிலும் தெளிவாக ஒன்றும் வரவில்லை.

"ஏன் வருதுங்க மிஸ்?"

"தெரியல்ல அம்மா. சிலருக்கு ஒரு சாப்பாடு சாப்பிட்டு, பிறகு ஓடினா வரும். கோதுமை மாவா இருக்கலாம். நிச்சயமா சொல்ல ஏலாது."

ஓடக் கூடாது. கோதுமை மாவில் செய்த ரொட்டியோ பாணோ சாப்பிட்டால் சில மணி நேரத்துக்கு மேடு ஏறக் கூடாது. தனியாக எங்கும் அனுப்பக் கூடாது. அரிக்கத் தொடங்கியதும் நின்றுவிட வேண்டும். மூச்சுக்குச் சிரமம் வந்தால் போடுவதற்கு ஒரு மருந்துக் குப்பியும் சிரிஞ்சியும் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். போட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். நர்ஸ் ஒருவர் எனக்கு வெறும் தண்ணீரை இழுக்கவைத்துப் பழக்கினார். குப்பியின் கழுத்தை உடைப்பது எப்படி, தொடையின் வெளிப்பக்கத்தில் எங்கே குத்துவது என்று திரும்பத் திரும்பக் காட்டினார். எனக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். மகள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

தோட்டத்தில் காலைச் சாப்பாடு என்றால் ரொட்டிதான். அடுப்பு மூட்டி, மாவைத் தட்டிப் போட்டு, சம்பல் இடித்தால் முடிந்தது. அதற்குப் பதிலாக விடியுமுன் சோறு வடிக்கத் தொடங்கினேன். அதையாவது செய்துவிடலாம். ஏறாமல் இருப்பது எப்படி? எங்கள் ஊரில் தட்டையான இடம் என்று இருப்பது பள்ளிக்கூட மைதானம் மட்டும்தான். பைப்புக்கு ஏற வேண்டும், கடைக்கு இறங்கி ஏற வேண்டும், கோயிலுக்கு ஏற வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மலை முழுவதும் ஏற வேண்டும். டொக்டர் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அவர் பார்த்த பக்கமும் மேடுதான். "அப்போ மெதுவா, மிச்சம் மெதுவா" என்றார்.

அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு, குழந்தைகளை உதவிக்கு இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு நான் கீழே இறங்கினேன். இருவரும் சேர்ந்து ஏறுவோம். ஒவ்வொரு வளைவிலும் நிற்போம். நான் அவள் கழுத்தைப் பார்ப்பேன், உதட்டைப் பார்ப்பேன், மூச்சைக் கேட்பேன். மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடுவார்கள். அவர்கள் மறைந்த பிறகும் அவள் அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வீடு வந்து சேரும்போது எனக்கு இடுப்பு விட்டுப்போகும். பகலெல்லாம் பிறத்தியார் குழந்தைகளைத் தூக்கிய கை வேறு கடுக்கும். அதற்குப் பிறகுதான் இரவுச் சமையல்.

உடம்புக் களைப்பு தூங்கினால் போகும். இது வேறு மாதிரி. ஒருநாள் கூட்டாளி வீட்டில் ரொட்டி தின்றுவிட்டு விளையாடியிருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு நாள் சோறு தின்று, என்னோடு ஆமை மாதிரி ஏறி வந்தாள், பாதி வழியில் கை முழுக்கத் தடித்துவிட்டது. பயப்படுவதற்காவது ஒரு ஒழுங்கு இருந்தால் மனுஷி தாங்கிக்கொள்வாள்.

ஒருநாள் வளைவில் நின்றபோது அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மா, இப்பிடிப் பாத்துக்கிட்டே இருக்காதீங்க."

"பாக்காம எப்பிடி இருக்கிறது?"

"எனக்கு நோவப் பாத்துப் பயமில்ல. ஒங்க மொகத்தப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மறு வருஷத்து மாரியம்மன் திருவிழாவுக்கு அவள் பால்குடம் எடுக்க வேண்டும் என்றாள். கூட்டாளிகள் எல்லாரும் எடுக்கிறார்கள். வீட்டுக்காரரும் லீவு போட்டு வந்திருந்தார். நான் முடியாது என்றேன். அவள் அழவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"நடந்துதானே வரப்போகுது. நானும் பக்கத்துல வாறேன். எல்லாத்துலயும் நிப்பாட்டி வச்சா புள்ள என்னாத்துக்கு ஆகும்?" என்றார் அவர்.

ஒத்துக்கொண்டேன். மறுத்து மறுத்து எனக்கு அலுத்துப்போயிருந்தது என்பதும் ஒரு காரணம்.

பகல் வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் ஆற்றங்கரையிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. விரதம் என்பதால் காலையிலிருந்து அவள் வாயில் தண்ணீரைத் தவிர ஒன்றும் படவில்லை. மஞ்சள் பாவாடை, தலையில் குடம். அவளுக்கு ஒரு பக்கம் அவள் அப்பா, ஒரு பக்கம் நான். தப்பு மேளம் முழங்க ஊர்வலம் மெதுவாகத்தான் ஏறியது. மருந்துப் பையை நான் இடுப்பில் கட்டியிருந்தேன். கோயில் படிக்கட்டு தெரிந்ததும் மேள அடி வேகமானது. கூட்டமும் வேகமானது. ஆட்டக்காரர்கள் நடுவில் புகுந்ததில் நான் பின்னால் தள்ளப்பட்டேன்.

திரும்ப அவளைப் பார்த்தபோது அவள் ஆடிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, கண் பாதி மூடி, உடம்பு முன்னும் பின்னுமாகச் சாய்ந்தது. குடத்துப் பால் தோளில் வழிந்தது.

"சாமி வந்துருச்சு! புள்ளைக்குச் சாமி வந்துருச்சு!"

குலவை போட்டார்கள். யாரோ விபூதியை அள்ளி நெற்றியில் பூசினார்கள். தப்பு இன்னும் பலமாக முழங்கியது. நான் ஆட்களைப் பிளந்துகொண்டு போனேன். பக்கத்துக் காம்பரா அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கண்ணில் தண்ணீர்.

"தொடாத புள்ள. ஆத்தா வந்துருக்கா."

"ஆத்தா இல்லக்கா! மூச்சு அடைக்குது அதுக்கு!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவள் அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. குடத்தைத் தட்டிவிட்டு அவளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து படிக்கட்டு ஓரத்தில் கிடத்தினார். உதடு வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பையைத் திறந்தேன், குப்பியை உடைத்தேன், மருந்தை இழுத்தேன். பாவாடையை ஒதுக்கித் தொடையில் குத்தினேன். ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றுகிற நானா அதைச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நம்ப முடியவில்லை.

தப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் அவள் நெஞ்சு பெரிதாக ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்து, "பால் கொட்டிருச்சா?" என்று கேட்டாள். யாரோ கொண்டுவந்த வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அடுத்த கிளினிக்கில் நடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு ஒன்னுமே சாப்பிடலங்க மிஸ். அப்ப ரொட்டியால வாறது இல்லையா?"

"ரொட்டியும் இருக்கலாம். வேற ஏதும் இருக்கலாம். வெயில், சனக் கூட்டம்... எனக்கும் தெரியல்ல அம்மா."

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. தெரியாததைத் தெரியாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்ன அந்தப் பெண்மீது கடைசியில் எனக்கு ஒரு மரியாதைதான் மிஞ்சியது. விடியுமுன் சோறு வடிப்பதை நான் நிறுத்தவில்லை. எதை நிறுத்துவது என்று தெரியாதபோது எதையும் நிறுத்த முடியாது.

பக்கத்துக் காம்பரா அக்கா சில நாள் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை வேறு கதைகள் பேசினார்.

"எனக்கு அன்னைக்குச் சாமின்னுதான் பட்டுச்சு. இப்பவும் என்னா சொல்றதுன்னு தெரியல."

"பரவாயில்லக்கா."

"அந்த ஊசிய எனக்குங் காட்டிக் குடு. நீ இல்லாத நேரம் வந்தா?"

தண்ணீரை வைத்துப் பழக்கினேன். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்து வெடித்த அவர் விரல்களுக்குள் சிரிஞ்சி சின்னதாகத் தெரிந்தது. முதலில் பயந்தார். பிறகு பழகிக்கொண்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கூட டீச்சர் ஒருவருக்கும் காட்டினோம். நான் கீழே இறங்கிப் போகாத நாட்களும் வரத் தொடங்கின. அந்த நாட்களில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தபடி இருப்பேன்.

அவளுக்கு இப்போதும் வருகிறது. ஆனால் அரிப்பு உள்ளங்கையில் தொடங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. நடுரோட்டிலானாலும் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். யார் சிரித்தாலும் எழுந்திருப்பதில்லை. பெரும்பாலும் அதோடு அடங்கிவிடுகிறது. ஓட்டப் போட்டி நடக்கும் நாளில் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்கிறாள். நான் வற்புறுத்துவதில்லை.

போன தடவை கிளினிக்குக்கு நானுவோயா வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் எடுத்தோம். பெயர் கூப்பிட்டதும் நான் எழுந்தேன். அவள் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீங்க இருங்க. நானே போய்ச் சொல்றேன்."

"சிங்களத்துலயும் கேப்பாங்களே."

"எனக்குத் தெரியும்மா. ஒங்களவிட நல்லாவே தெரியும்."

கதவு மூடியது. உள்ளே அவள் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று கூர்ந்து கேட்கத்தான் நினைத்தேன். சுவரில் தலையைச் சாய்த்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அவள் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் விழித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். வாங்கவேண்டிய மருந்தையும் அவளே வாங்கி வைத்திருந்தாள்.

"டொக்டர் என்னா சொன்னாங்க?"

"எப்பவும் சொல்றதுதான். எந்திரிங்கம்மா, பஸ் போயிரும்."

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஏற்றத்தில் நான்தான் மூச்சு வாங்கி நின்றேன். அவள் மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எனக்காக இரண்டடி முன்னால் காத்து நின்றாள்.