ஸ்பூன் ஏரிக்கு அக்கரையில் எரிந்த விளக்குகள்

பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிப்பிக்க வேண்டும் என்று ரோடா லாஹ்டி ஒரு நாளும் திட்டம் போட்டதில்லை. மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், ஸ்பூன் ஏரிக் கரையில் அவள் வீடு. குளிர்காலத்தில் மூத்தவள் மார்னி இருட்டில் பள்ளி பஸ் ஏறி, இருட்டில் வந்து இறங்குவாள். இரண்டாம் வகுப்பில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பேசுவதையே நிறுத்திவிட்டது. வீட்டில் ஓயாத வாய். பஸ் படியில் கால் வைத்ததும் பூட்டு விழுந்துவிடும்.

ரோடா அதே பள்ளியின் சமையலறையில்தான் வேலை பார்த்தாள். ஒரு மதியம் சாப்பாட்டு வரிசையில் மகள் தட்டோடு வந்து நின்றாள். சோளம் வேண்டுமா, பட்டாணி வேண்டுமா என்று ரோடா கேட்டாள். பெற்ற தாயை யாரோ போலப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள் மார்னி. அன்றைக்கே ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவள்தான். இரண்டு பேருமே அந்தப் பள்ளிக்குத் திரும்பப் போகவில்லை.

ரோடாவின் தங்கை பெட்ரா போனில் சிரித்தாள். "நீயே தட்டுத் தடுமாறிப் பன்னெண்டாவது பாஸ் பண்ணவ. நீ பாடம் எடுக்கப் போறியாக்கும்?"

"சமையல்காரிக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் குடுப்பேன். மிச்சத்தை அதுங்க எனக்குச் சொல்லிக் குடுக்கட்டும்" என்றாள் ரோடா.

அப்படித்தான் நடந்தது. புத்தகத்தைக் கண்டால் ரோடாவுக்குக் கொஞ்சம் தயக்கம். அதனால் வருஷத்தைப் பண்டிகைகளாகப் பிரித்துக்கொண்டாள். இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகளை மெழுகுத்தாளுக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டு ஜன்னலில் ஒட்டுவார்கள். அதற்குள் மரங்களின் பாடம் முடிந்துவிடும். நவம்பரில் மான் வேட்டை தொடங்கினால் யாரும் காட்டுப் பக்கம் போகக்கூடாது. வீட்டுக்குள் உட்கார்ந்து வைக்கோலை ஊறவைத்து நட்சத்திரம் கட்டுவார்கள். கோணமும் அளவும் அதிலேயே வந்துவிடும். ஏலக்காய் தட்டிப் போட்ட நிசு என்ற இனிப்பு ரொட்டியை ஜடை போல் பின்னும்போது பின்னக் கணக்கு. மார்னிக்குப் பிறகு வந்த ஆர்லாவும் கடைக்குட்டி லூவும் பள்ளி வாசலையே மிதிக்கவில்லை. ரோடாவின் கணவன் டேல் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். அதிகாலையில் போய், பகலில் வந்து தூங்கி எழுந்து, பிள்ளைகள் செய்ததைப் பார்த்து ஏதாவது கேலி சொல்லுவான்.

எல்லாவற்றிலும் பெரிய வேலை டிசம்பரில் பனிக்கட்டி விளக்குகள். ஐஸ்கிரீம் வாங்கிய பிளாஸ்டிக் வாளிகளில் தண்ணீர் ஊற்றி வெளியே வைப்பார்கள். ஓரமெல்லாம் உறைந்து, நடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது கவிழ்த்தால், கண்ணாடிக் குடம் போல் ஒன்று கிடைக்கும். அதற்குள் மெழுகுவர்த்தி. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை விளக்கு என்பது ரோடா போட்ட சட்டம். உறைவதற்கு முன் ஆளுக்கு ஒன்றைத் தண்ணீருக்குள் வைப்பார்கள். லூ ஆரஞ்சு வில்லைகளை வைப்பாள்; ஆர்லா தேவதாரு இலைகளை; மார்னி காட்டுரோஜாவின் சிவப்புக் காய்களை. டேல் விளையாட்டுக்காக லாரிப் பட்டறையிலிருந்து இரும்பு நட்டுகளைக் கொண்டுவந்து போடுவான். ரோடா வைப்பது சதுப்பில் வளரும் செங்குச்சி ஒன்று. டிசம்பர் பதின்மூன்றாம் தேதி, புனித லூசியா நாளன்று, பொழுது சாய்ந்ததும் ஏரிக்கரையில் வரிசையாக வைத்து ஏற்றுவார்கள். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் நாள் வரைக்கும் தினமும் எரியும்.

அக்கரையில் முதன்முதலில் வெளிச்சத்தைப் பார்த்தவள் ஆர்லா. ஒரு வருஷம் விளக்கேற்றிவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது, இருட்டிக் கிடந்த எதிர்க்கரையில் மஞ்சளாக ஒரு பொட்டு வந்தது. பக்கத்தில் இன்னொன்று. யாரோ குனிந்து நிதானமாக ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவதுபோல் ஐந்து பொட்டுகள் வந்து நின்றன.

ஏரியில் நம் விளக்கே தெரிகிறது என்றான் டேல். ஆர்லா ஒத்துக்கொள்ளவில்லை. ஏரி உறைந்து அதன்மேல் முழங்கால் அளவு பனி கிடக்கும்போது எதில் தெரியும் என்று கேட்டாள்.

அக்கரையில் இருப்பது ஒரே ஒரு மரவீடு. கிழவர் பிராண்ட் இறந்த பிறகு அது பூட்டியே கிடந்தது. குளிர்காலத்தில் அங்கே போகச் சாலையும் திறந்திருக்காது. ஏரியின் நடுவில் ஊற்று ஓடுவதால் பனி கெட்டிப்படாது. அதில் யாரும் நடந்து கடப்பதில்லை. சிகாகோவில் இருக்கும் கிழவரின் மகனுக்கு டேல் போன் போட்டுக் கேட்டான். கோடையிலிருந்து அந்தப் பக்கம் யாரும் போகவில்லை என்றார் அவர்.

"யாரோ வேட்டைக்காரனா இருக்கும். நல்ல மனுசன். விளக்குதானே வைக்கிறான், விட்டுடு" என்று முடித்துவிட்டான் டேல்.

தான் பயந்தால் பிள்ளைகளும் பயப்படும் என்று ரோடாவுக்குத் தெரியும். எனவே இதையும் பாடமாக்கினாள். ஒளி எப்படிப் போகிறது, குளிரில் எவ்வளவு தூரம் தெரியும், பழைய காலத்தில் கலங்கரை விளக்கங்கள் எப்படி ஒன்றுக்கொன்று பேசின என்றெல்லாம். பகலில் பைனாகுலர் வைத்துப் பார்த்தால் அக்கரையில் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. பொழுது சாய்ந்து இவர்கள் கடைசி விளக்கை ஏற்றியதும், அங்கே முதல் விளக்கு வரும்.

அடுத்த வருஷம் பெட்ரா கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கினாள். சட்டப்படி அவளுக்கும் ஒரு விளக்கு. அன்று சாயங்காலம் அக்கரையிலும் ஆறு.

"அங்கயும் உன் தங்கச்சி போயிருக்கா போல" என்றான் டேல். எல்லோரும் சிரித்தார்கள். பெட்ரா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே பெட்டியைக் கட்டினாள். காரில் ஏறும்போது, "இதை எப்படிக்கா தினமும் பாத்துக்கிட்டு நிம்மதியாத் தூங்குற?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் அங்கேயும் ஐந்தாகக் குறைந்தது.

பழகிவிட்டால் எதுவும் சாதாரணம்தான். லூ படுக்கப் போகுமுன் அக்கரைக்குக் கையசைத்துவிட்டுப் போவாள். மூன்றாம் வருஷம் லூசியா நாளன்றும் அப்படித்தான் கையசைத்தாள். ஆர்லாதான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னிக்கு நாலுதான் இருக்கு."

காற்றில் ஒன்று அணைந்திருக்கும் என்றாள் ரோடா. காற்றே இல்லை. ஐந்து பேரும் குளிரில் வெகுநேரம் காத்திருந்தார்கள். ஐந்தாவது வரவில்லை. மறுநாளும் நான்கு. அதற்கு மறுநாளும் நான்கு.

அதிலிருந்து ரோடா வீட்டில் தலைகளை எண்ண ஆரம்பித்தாள். ரொட்டி மாவில் கை இருக்கும். கண் ஜன்னலில் இருக்கும். மார்னி பனிச்சறுக்குக்குப் போகக்கூடாது என்றாள். லூ இருமினால் எழுந்து வந்து நெற்றியைத் தொட்டாள். ஆர்லா நீராவிக் குளியலுக்கான சவுனா அறைக்கு விறகு எடுக்கப் போனால் பின்னாலேயே போய் நின்றாள். புயல் வரும் என்று ரேடியோவில் சொன்ன அன்று, டேலின் லாரிச் சாவியை எடுத்து மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். அவன் தேடிக் கண்டுபிடித்து, சாவியில் ஒட்டியிருந்த மாவை ஊதினான்.

"பனி தள்ளுற வண்டியே வீட்ல நின்னா ஊரு எப்படிடி நகரும்?" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலியை நிறுத்திக்கொண்டான். பத்திரமாக வருவேன் என்று சொல்லிப் போனான். அவ்வாறே வந்தான்.

இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்குள் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று ரோடாவுக்குத் தோன்றியது. டேலுக்கு லீவு கிடைத்த நாளில் பிள்ளைகளை அவனிடம் விட்டாள். பனியில் புதையாத அகலக் காலணிகளைக் கட்டிக்கொண்டு, ஏரியில் இறங்காமல் கரையோரமாகவே சுற்றிப் போனாள். புயல் ஓய்ந்து வெயில் அடித்தது. ஓர் இடத்திலும் மனிதக் காலடி இல்லை. ஒரு நரியின் தடம் மட்டும் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பிராண்ட் வீட்டை நெருங்கும் இடத்தில் அது நின்று, வந்த வழியே திரும்பியிருந்தது.

வீட்டுக் கதவில் பூட்டு துருவேறித் தொங்கியது. படிகளில் கலையாத பனி. அதற்குக் கீழே, தண்ணீரோரமாக, விளக்குகள் இருந்தன.

அவற்றைச் சுற்றிலும் பனி மழுமழுவென்று கிடந்தது. யாரும் வந்ததில்லை, போனதில்லை. ரோடா முழங்காலிட்டுக் குனிந்தாள். முதல் விளக்கின் சுவரில் ஆரஞ்சு வில்லைகள் உறைந்திருந்தன. அடுத்ததில் தேவதாரு இலை. அடுத்ததில் காட்டுரோஜாக் காய்கள். நான்காவதில் இரும்பு நட்டுகள் வெயில் பட்டு மின்னின. அவள் கையுறையைக் கழற்றி அதற்குள் விரலை விட்டாள். அந்தக் குளிரில், நடுப்பகலில், மெழுகு இன்னும் இளகியிருந்தது.

நான்காவதற்குப் பக்கத்தில் வாளியின் அடி அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம். அதில் பனி விழவே இல்லை. கறுப்பாகத் தரை தெரிந்தது.

அவளுடைய செங்குச்சி விளக்கு வைக்கவேண்டிய இடம் அது.

புருஷனையும் பிள்ளைகளையும் ஒருவர் விடாமல் எண்ணிக் காவல் காத்தவள், தன்னை எண்ணியதே இல்லை. அக்டோபரில், இலைகளுக்கு இஸ்திரி போட்ட வாரத்தில், சவுனாவில் உட்கார்ந்து சோப்புப் போடும்போது இடது மார்பில் பட்டாணி போல் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பண்டிகை முடியட்டும், ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததையும் வைக்கோலுக்கும் ரொட்டிக்கும் நடுவே மறந்துபோயிருந்தாள். இப்போது அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கை தானாகக் கோட்டுக்குள் போனது. கட்டி பட்டாணி அளவில் இல்லை.

"யாரு நீங்க?" என்று கேட்டாள். பிள்ளைகளிடம் பாடம் கேட்கும் அதே குரலில்தான் கேட்டாள். உள்ளே, பூட்டிய வீட்டில், நாற்காலி ஒன்று மெல்ல நகர்ந்தது போல் இருந்தது. மரம் குளிரில் வெடிக்கும் சத்தமாகவும் இருக்கலாம். இரண்டாம் முறை கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. கரையோரமாகவே திரும்பி நடந்தாள். முதுகில் யாரோ பார்ப்பது போல் வீடு வரைக்கும் தோன்றிக்கொண்டிருந்தது. அது கெட்ட பார்வையாகத் தோன்றவில்லை என்று பிறகு டேலிடம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சாப்பிடாத பிள்ளையைத் தான் பார்ப்பதுபோல இருந்தது என்றாள்.

வீட்டில் டேல் அடுப்பிலிருந்து இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டிகளை எடுத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் மேஜையில் இருந்தார்கள். அவள் அவனைக் கோட்டு மாட்டும் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினாள்.

"டேல், மார்ல எனக்கு ஒரு கட்டி இருக்கு. அக்டோபர்லேர்ந்து."

அவன் கையில் அடுப்புத் துணி இருந்தது. அதை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான்.

"அக்டோபர்லேர்ந்தா" என்றான். போனை எடுத்து, மார்க்வெட் நகரத்து ஆஸ்பத்திரியில் விடுமுறைக்கு முன் யாராவது பார்ப்பார்களா என்று விசாரிக்கத் தொடங்கினான்.

பார்த்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அறுத்து எடுத்தார்கள். இன்னும் ஒரு மாதம் தள்ளியிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார் டாக்டர். பிறகு மருந்து ஏற்றும் மாதங்கள். அவளுக்கு முடி கொட்டியது; ரொட்டி வாசனையே ஆகாமல் போனது. பெட்ரா அத்தனை பயத்தையும் விழுங்கிக்கொண்டு வந்து, கோடை வரைக்கும் கூட இருந்தாள். மார்னிதான் தங்கைகளுக்குப் பாடம் நடத்தினாள். ஒரு காலத்தில் பேச்சே வராத பிள்ளை, அம்மாவின் படுக்கையோரம் உட்கார்ந்து தொண்டை கட்டும் வரை வாசித்தாள்.

விளக்கில் தான் கண்டதை ரோடா டேலிடம் மட்டும் சொல்லியிருந்தாள். வசந்தத்தில் சாலை திறந்ததும் அவன் பிராண்ட் வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். பனி உருகிய கரையில், ஈர மண்ணில், அவன் பட்டறையின் நட்டுகள் கிடந்தன. அவற்றைப் பொறுக்கலாம் என்று குனிந்தவன், தொடாமல் வந்துவிட்டான்.

அடுத்த டிசம்பரில் குளிர் வரவே இல்லை. ஏரி உறையாமல் கறுப்பாகக் கிடந்தது. வாளிகளில் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. லூசியா நாளன்று பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். இந்த வருஷம் விளக்கு இல்லையென்றால் இல்லைதான், ரொட்டி சாப்பிடலாம் வாருங்கள் என்றாள் ரோடா. புதிதாக முளைத்த முடியை மறைத்துக் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். எப்போதும் இவர்கள் ஏற்றிய பிறகுதான் அக்கரையில் வெளிச்சம் வரும். இவர்கள் ஏற்றாவிட்டால் அங்கேயும் இருட்டாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லையே என்று அதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

"அம்மா" என்றாள் ஆர்லா.

கறுத்த தண்ணீருக்கு அப்பால் ஐந்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எந்தப் பனிக்கட்டியில் அவற்றை வார்த்தார்களோ தெரியாது.

டேல் எழுந்து திரைச்சீலையை இழுக்கப் போனான். லூ அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க முதல்ல வச்சிட்டாங்கப்பா. இப்ப நாமதான் வைக்கணும்" என்றாள்.

ரோடா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு மாடத்திலிருந்து காலி ஜாம் பாட்டில்களை எடுத்துக் கீழே வைத்து, மெழுகுவர்த்திகளைத் தேடச் சொன்னாள். கோட்டுகளை மாட்டிக்கொண்டு ஐந்து பேரும் கரைக்கு இறங்கினார்கள்.