யூதப் பிள்ளைகளுக்காக நான் கொடுத்த குரல்

பன்னிரண்டு வாக்கியங்கள் அச்சிட்ட அந்தத் தாள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் இருந்த ஒரு யூத ஆசிரியை மின்னஞ்சலில் அனுப்பியது. பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகவிருந்த யூதப் பிள்ளைகளுக்கு அவர் இணையத்தில் வகுப்பு நடத்தினார். யூதர் என்பதற்காக விடுதியிலோ வகுப்பிலோ யாராவது இழிவாகப் பேசினால், கூனிக் குறுகாமல், கை ஓங்காமல் பதில் சொல்லப் பழக்கும் வகுப்பு. அந்தப் பன்னிரண்டு வாக்கியங்களையும் வாசித்து அவர்களை இழிவாகப் பேச ஒரு குரல் தேவைப்பட்டது. கால்சென்டரில் அமெரிக்க உச்சரிப்பு பழகியிருந்த எனக்கு அந்த வேலை வந்தது. "எங்கள் மேல் எந்தக் கோபமும் இல்லாத ஒருவர்தான் இதை வாசிக்க வேண்டும்" என்றார் ஆசிரியை.

அவர்களுக்கு மாலை, காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் எனக்கு விடிகாலை. கேமராவை அணைத்துவிட்டு வாசிப்பேன். திரையில் ஆறு முகங்கள் என் கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். முதல் வாரம் நாக்கு கூசியது. மூன்றாம் வாரம், எந்த இடத்தில் நிறுத்தினால் அதிகம் வலிக்கும் என்று அந்தக் குரலுக்கே தெரிந்திருந்தது. ஒருநாள் காபியோடு வந்த அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

"உள்ள யாருமா பேசிக்கினு இருந்தது?"

"நான்தாம்மா."

"நீயா? வேற யாரோ உன் நாற்காலில உக்காந்துக்கினு இருக்கற மாதிரி இருந்துதே."

டம்ளரை நீட்டும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் வாரம், கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் முறை. பன்னிரண்டுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். முடிந்தது என்று நான் நினைத்தபோது என் வாய் இன்னொன்றையும் சொன்னது: "எத்தனை தலைமுறை இருந்தாலும் நீங்கள் வந்தேறிகள்தான். உங்கள் ஊருக்கே போங்கள்."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் இல்லை.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். "இது உங்களுக்கு எழுதிக் கொடுத்தது இல்லை, அப்படித்தானே? உங்களிடம் யார் சொன்னது?"

ஆசிரியை குறுக்கிட்டு என்னைக் காப்பாற்றுவார் என்று காத்திருந்தேன். அவரும் என் கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவைப் போட்டேன்.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி பேசியதில்லை. சென்னையில் கல்லூரி விடுதியில் சமண வழக்கப்படி இருட்டும் முன் சாப்பிட்டு முடிக்கும் என்னைப் பார்த்து, சமணர் என்றாலே வடக்கத்தியர் என்று நினைத்த அறைத்தோழி சிரித்துக்கொண்டே சொன்ன வாக்கியம் அது. அன்று நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு துணி துவைக்கப் போய்விட்டேன். இருபது வருடமாக அது எனக்குள்ளேயே இருந்து, என் நாக்கால் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் அவர்களிடம் சொன்னேன்.

"இப்போது பதில் சொல்லிப் பாருங்கள்" என்ற ஆசிரியை அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் அதே வாக்கியத்தை, நான் நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தி, கொஞ்சமும் இரக்கமில்லாமல் என்னிடம் சொன்னாள்.

வாயைத் திறந்தேன். ஆங்கிலம் வரவில்லை. அறைத்தோழியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தமிழில் பேசினேன். எங்கள் கோயிலை, தாத்தா உழுத நிலத்தை, அன்று துவைக்கத் துணியே இல்லாமல் குழாயடியில் நின்றதை எல்லாம் சொன்னேன். அவர்களில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. நான் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை.