எழுதாமல் விட்ட இடம்

தெருவில் அவரை நீட்டுமடக்கு என்பார்கள். டிராம்போன் குழாயை நீட்டுவதும் மடக்குவதுமாகவே அவர் பிழைப்பு ஓடியது. முதலில் போலீஸ் பேண்டு. அணிவகுப்பில் ஜாஸ் போல இழுத்து வாசித்ததற்காக வெளியே தள்ளினார்கள். பிறகு சர்க்கஸ், கோமாளி விழும்போதெல்லாம் ஊத வேண்டும். கப்பலில் நடனக் குழு, ஸ்டூடியோவில் யானைப் பிளிறல் என்று எல்லாம் பார்த்துவிட்டு, ஓட்டல் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவின் தலைவரைத்தான் அவர் மனைவிக்குக் கண்டாலே ஆகாது.

காரணம் இருந்தது. குழு வாசித்த மெட்டுகளில் பாதி, அவள் காய் நறுக்கும் மேசையில் இவர் உட்கார்ந்து எழுதியவை. பியானோவுக்கும் சாக்ஸபோனுக்கும் ஒரு புள்ளி விடாமல் எழுதுவார். தன் டிராம்போன் தனித்து வரும் இடத்தை மட்டும் வெறுமனே விட்டுவிடுவார். தான் வாசிக்கப் போவதைத் தனக்கே எதற்கு எழுதுவது? ஒருநாள், மேடையில் தன் பெயரையும் சொல்லுங்கள் என்று தலைவரிடம் கேட்டார். அடுத்த வாரம் அவர் நாற்காலியில் வேறொருவன் இருந்தான். அவருடைய மெட்டுகளிலேயே நல்லது தலைவர் பெயரில் இசைத்தட்டாக வந்தது, வெற்றிடம் அப்படியே இருக்க. மௌனத்தையே இசையாக்கிய மேதை என்று பத்திரிகைகள் எழுதின. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைவருக்குப் பாராட்டு விழா வந்தது. புதியவனுக்குப் பல் பிடுங்கி உதடு வீங்கிவிட, நீட்டுமடக்கைக் கூப்பிட்டார்கள். போகக் கூடாது என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவர் போனார். ஒத்திகையில் எல்லார் முன்னாலும் தலைவர் சொன்னாராம்: “அண்ணே, அந்த இடத்துல மூச்சுகூட விடாதீங்க. என் பாட்டோட உயிரே அதுதான்.”

இதை வீட்டில் சொல்லிவிட்டு அவர் சாப்பாடு கேட்டார்.

“உங்களுக்கு ரோஷம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

“இருக்கு. பசியும் இருக்கு.”

“நாளைக்கு அங்க வாசிக்காம வந்தீங்கன்னா, அந்தக் குழாயில துணி காயப்போட்டுடுவேன்.”

விழாவுக்கு அவளும் போயிருந்தாள். அந்த இடம் வந்தது. தலைவர் கைகளை உயர்த்திக் கண்ணை மூடினார். நீட்டுமடக்கு எழுந்து நின்றார். அவர் குளியலறையில் ஊதிப் பழகும்போது சுவர் தாண்டி அவள் வருஷக்கணக்காகக் கேட்ட அதே முனகல், கேலி, அழுகை எல்லாம் அரங்கில் விரிந்தன. யாரும் சொல்லாமலே டிரம்காரர் மெதுவாகச் சேர்ந்துகொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

தலைவர் மைக்கைப் பிடித்தார். அந்தப் பகுதியைக் கடைசி நேரத்தில் தான்தான் சேர்த்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் இருக்கையிலிருந்து எழுந்தேவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள், மரியாதைக்கு எழுகிறாள் என்று நினைத்துத் தாங்களும் எழுந்தார்கள்.

மறுநாள் காலை தலைவரே வீட்டுக்கு வந்தார், கையில் வெற்று இசைத்தாளோடு. புது இசைத்தட்டு போடுகிறார்களாம்.

“அண்ணி, நேத்து வாசிச்சதை மட்டும் அண்ணன் எழுதிக் குடுத்துட்டா...”

“நீங்க சேர்த்ததுதானே தம்பி? நீங்களே எழுதிக்குங்க.”

உள்ளே இருந்தவர் வெளியே வரவில்லை. அவள் கதவைச் சாத்தவும் இல்லை. அந்த ஆள் வெற்றுத் தாளோடு படியிறங்குவதை முழுசாகப் பார்க்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.